கம்ப்யூட்டருக்கும் ஒரு 'கொரண்டி' வேண்டும்

நல்லகுண்டாவில் இருக்கும் ஃபீவர் ஆஸ்பத்திரிக்கு 'சர் ரொனால்ட் ராஸ்' என்று தொடங்கும் நீளமான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநர் விழிப்பார். 'கொரண்டி தவாக்கானா' என்று சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் கொண்டு போய் விட்டுவிடுவார். 'குவாரண்டைன்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம் ஊர் மக்கள் வாயில் புரண்டு 'கொரண்டி' ஆகியிருக்கிறது. தொற்றுநோய் கண்டவரைத் தனியே வைத்துப் பார்த்த இடம் அது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டதும் நம் செகந்தராபாத்தில்தான். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி. ஆகவே கிருமிகளைப் பற்றிப் பேச இந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

அதே 'குவாரண்டைன்' என்ற சொல் இப்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கிறது. ஆன்ட்டி வைரஸ் சாஃப்ட்வேர் ஏதோ ஒரு ஃபைலைப் பிடித்துவிட்டு, "இதை என்ன செய்ய? குவாரண்டைன் செய்யவா, அழிக்கவா, அனுமதிக்கவா?" என்று கேட்கிறது. நம்மில் பலர் அங்கே என்ன செய்கிறோம்? பாம்பைக் கண்டவர் போலப் பதறி 'அழி' என்று அமுக்குகிறோம். அல்லது, "இது எப்போதும் இப்படித்தான் கத்தும்" என்று பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். இவை இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். நம் சங்கத்து உறுப்பினர்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் தாத்தாவும் பாட்டியும் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ. மகன் விட்டுச் சென்ற கம்ப்யூட்டர்தான் அந்த வீட்டின் டிரங்குப் பெட்டி. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பென்ஷன் கடிதங்கள், வருமான வரிக் கணக்கு, பேரனின் காதுகுத்துப் படங்கள், காலமான அம்மா பாடிய பாட்டின் ஒலிப்பதிவு எல்லாம் அதற்குள்தான். முன்பெல்லாம் பெட்டிச் சாவி இடுப்பில் இருக்கும். இப்போது பெட்டி திறந்தே கிடக்கிறது. அதில் பூச்சி விழுந்தால் எதை எடுத்துப் போடுவது, எதைக் காப்பாற்றுவது என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

பழைய விருந்தாளி

கம்ப்யூட்டர் வைரஸ் நம் நாட்டுக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1986-இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃபிளாப்பி மூலம் உலகம் சுற்றியது. 1990-இல் நம் நாட்டில் தென்பட்ட 'ஜோஷி' வைரஸ் வேடிக்கையானது. ஜனவரி 5-ஆம் தேதி கம்ப்யூட்டரைத் திறந்தால், 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் அடிக்கச் சொல்லி அடம் பிடிக்கும். வாழ்த்துச் சொன்னால் வழி விடும்! அந்த விளையாட்டுத்தனம் வெகுநாள் நீடிக்கவில்லை. 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி, தைவானில் எழுதப்பட்ட 'செர்னோபில்' என்னும் வைரஸ் ஆசியா முழுவதும் ஏராளமான கம்ப்யூட்டர்களின் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தது. அது சிலவற்றின் அடிப்படை சிப்பையே கெடுத்தது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பிட்ட மின்னஞ்சல் வந்தது. காதல் கடிதம் என்று நம்பித் திறந்தவர்கள் படங்களைப் பறிகொடுத்தார்கள்.

இன்றைய திருடன் இன்னும் கெட்டிக்காரன். அவன் ஃபைல்களை அழிப்பதில்லை, பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறான். 'ரான்சம்வேர்' என்கிறார்கள். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இப்படித்தான் முடங்கியது. நோயாளிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்யும் நிலைக்கு அது போனதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இன்னொருவன் சத்தமே இல்லாமல் உள்ளே உட்கார்ந்து பாங்க் பாஸ்வேர்டைத் திருடுகிறான். ஆகவே ஆன்ட்டி வைரஸ் கத்தும்போது காதைப் பொத்திக்கொள்வது அறிவீனம்.

காவல்காரனும் தவறலாம்

அப்படியானால் பிடித்ததையெல்லாம் அழித்துவிட வேண்டியதுதானே? வீட்டில் விஷத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் காவல்காரன் சில சமயம் வீட்டுக்காரனையே திருடன் என்று பிடித்துவிடுகிறான்.

2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய அன்றாட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு ஃபைலையே வைரஸ் என்று எண்ணிப் பிடித்தது. அதை அப்புறப்படுத்தியதும் உலகெங்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்து செயலிழந்தன. இவ்வளவுக்கும் அங்கே வைரஸே கிடையாது.

இன்னொன்று நம் ஊரிலேயே பார்த்தது. 2024 ஜூலை 19-ஆம் தேதி ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பயணி ஒருவருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது. காரணம், க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஓர் அப்டேட். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொன்னது. அவை பெரும்பாலும் நிறுவனங்களுடையவை. நம் வீட்டுப் பெட்டிகள் தப்பின. பாடம் நமக்கும் உண்டு. வேலியே பயிரை மேயும் என்றல்ல. வேலி சரிந்தாலும் பயிர் சாயும். அதற்காக வேலியே வேண்டாம் என்று பிடுங்கிப் போடவும் கூடாது.

இதனால்தான் குவாரண்டைன் என்ற நடுவழியை வைத்திருக்கிறார்கள். அதில் போடப்பட்ட ஃபைல் வேறு வடிவில் மாற்றப்பட்டுத் தனி அறையில் பூட்டப்படுகிறது. அதனால் ஓட முடியாது, பரவ முடியாது. தவறு என்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அழித்துவிட்டால் போனது போனதுதான். சந்தேகப்பட்டவனைத் தூக்கில் போட்டுவிட்டு விசாரிப்பதைவிட, காவலில் வைத்து விசாரிப்பது மேல் அல்லவா?

நம் ஊர் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் 22-ஆம் தேதி இணையத் தாக்குதல் தெரிந்ததும் அவர்கள் முதலில் செய்தது என்ன? தங்கள் டேட்டா சென்டர் சேவைகள் அனைத்தையும் தனிமைப்படுத்தினார்கள். முதலில் பிரித்து வை, பிறகு ஆராய், அதன்பின் முடிவு செய். இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அதுதான் வழி என்றால், நம் மேஜைப் பெட்டிக்கு மட்டும் என்ன அவசரம்?

மூன்று வகை நோயாளிகள்

பிடிபட்ட ஃபைல்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் வகை, முழுக்க விஷமானது. இலவசம் என்று சொல்லி இறக்கிய சினிமா, பூட்டு உடைத்த சாஃப்ட்வேர், அதற்கான 'கிராக்' என்ற சின்ன புரோகிராம், கூரியர் ரசீது என்ற பெயரில் வந்த மின்னஞ்சல் இணைப்பு போன்றவை. இவற்றில் நம்முடையது எதுவுமே இல்லை. சில நாள் குவாரண்டைனில் வைத்துவிட்டுத் தயங்காமல் அழிக்கலாம்.

இரண்டாம் வகை, நம் சொந்த ஃபைல். அதில் விஷம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேர்டு, எக்ஸெல் ஃபைல்களில் மேக்ரோ வைரஸ் இப்படித்தான் தொற்றும். சாலிட்டி, விருட் போன்றவை நல்ல புரோகிராம் ஃபைல்களுக்குள்ளேயே புகுந்து கொள்ளும். இங்கே முதலில் முயல வேண்டியது 'கிளீன்' அல்லது 'ரிப்பேர்'. அழிப்பது கடைசி வழி. மேக்ரோ தொற்றிய கடிதத்தில் எழுத்துகள் அப்படியே இருக்கும். விவரம் தெரிந்தவர் மேக்ரோ இல்லாத வடிவத்தில் அதைக் காப்பாற்றித் தந்துவிடுவார். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சில மின்னஞ்சல் புரோகிராம்கள் பத்தாண்டுக் கடிதங்களையும் ஒரே ஃபைலில் சேர்த்து வைத்திருக்கும். அதிலுள்ள ஒரே ஒரு கடிதத்தில் வைரஸ் இருந்தாலும் ஆன்ட்டி வைரஸ் அந்த முழு ஃபைலையும் சுட்டிக்காட்டக் கூடும். அங்கே 'அழி' என்றால் மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதைதான்.

மூன்றாம் வகை, விண்டோஸின் சொந்த ஃபைல், அல்லது பல்லாண்டாக நீங்கள் பயன்படுத்தும் நல்ல புரோகிராம் திடீரென்று பிடிபடுவது. இங்கேதான் காவல்காரன் தவறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆன்ட்டி வைரஸை அப்டேட் செய்து மறுபடி சோதியுங்கள். கூகுளின் 'வைரஸ்டோட்டல்' தளத்தில் அந்த ஃபைலைக் கொடுத்தால் பல நிறுவனங்களின் சாஃப்ட்வேர்கள் சோதித்துத் தத்தம் கருத்தைச் சொல்லும். எல்லாரும் நல்லது என்று சொல்ல ஒருவர் மட்டும் கெட்டது என்றால் யோசிக்கலாம். ஆனால் பத்திரம், பாங்க் கணக்கு, ஆதார் போன்ற சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள். அங்கே கொடுக்கும் ஃபைல் மற்ற ஆய்வாளர்கள் கைக்கும் போகும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாப்பு சாஃப்ட்வேர் அதனுடனேயே வருகிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' என்ற பகுதியைப் பார்த்தால் எந்த ஃபைல், எங்கே, எப்போது பிடிபட்டது என்று வரிசையாக இருக்கும். அந்தப் பெயரையும் இடத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டை எடுத்துப் போவதில்லையா? அதைப் போல. பிடிபட்டது திரும்பத் திரும்ப வந்தால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே அது சோதிப்பதால் ஒளிந்திருப்பவனும் அகப்படுவான். அதற்கும் முன்பாக இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். பென் டிரைவ் எதையும் செருகாதீர்கள்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஓட்டைக் கூரையின் கீழ் குடை பிடித்து எத்தனை நாள் உட்கார முடியும்? மகன் அடுத்த முறை வரும்போது முதல் வேலையாக இதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

கத்துவது உண்மையான காவல்காரனா?

வேறொரு தொல்லையும் உண்டு. ஏதோ ஒரு வலைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுதும் சிவந்து, மணி அடித்து, "உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்! உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று வரும். இது ஆன்ட்டி வைரஸ் அல்ல. ஆன்ட்டி வைரஸ் வேடம் போட்ட திருடன். உண்மையான ஆன்ட்டி வைரஸ் போன் எண் கொடுத்து உங்களைக் கூப்பிடச் சொல்லாது. கூப்பிட்டால், மறுமுனையில் ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் பேசி, கம்ப்யூட்டரைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வார். 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சி.பி.ஐ. நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதில் இந்த மாதிரி 'டெக் சப்போர்ட்' மோசடிகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களே புகார் கொடுத்திருந்தன. அப்படி ஒரு திரை வந்தால் பிரவுசரை மூடுங்கள்; மூட மறுத்தால் கம்ப்யூட்டரையே அணையுங்கள். பணம் போய்விட்டால் தாமதம் வேண்டாம், 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

'ஃபார்மட் அடிச்சுடலாம் சார்!'

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே மருந்துதான். பையன் வருவான், இரண்டு நிமிடம் பார்ப்பான், "ஃபார்மட் அடிச்சுடலாம் சார், புதுசு மாதிரி ஓடும்" என்பான். தலைவலிக்குத் தலையை மாற்றும் வைத்தியம் இது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஃபார்மட் அடிப்பது அவனுக்கு எளிது. நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? ஆனால் காதுகுத்துப் படங்கள் எங்கே என்று பாட்டி கேட்கும்போது அவன் இருக்க மாட்டான்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாஸ்வேர்டைத் திருடும் வைரஸோ, வெளியிலிருந்து நம் கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும் வைரஸோ புகுந்திருந்தால், முழுதும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் நிம்மதி. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் நம் கடிதங்கள், படங்கள், ஆவணங்களை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துவைக்க வேண்டும். புரோகிராம்களை எடுக்கக் கூடாது. எடுத்ததை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் சோதிக்க வேண்டும். பாங்க், மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்ற வேண்டும். பிறகு ஃபார்மட். இந்த வரிசையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்ல மாட்டார்.

வைரஸ் வருவதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் இத்தனை கவலையும் பாதியாகக் குறையும். மாதம் ஒரு முறை, சம்பளமோ பென்ஷனோ வரும் நாளில், வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும்.

நம் அரசும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையத்தைத் தொடங்கி, நம் நாட்டு நிறுவனங்களின் துணையோடு இலவசத் துப்புரவு சாஃப்ட்வேர்களைத் தருகிறது. அந்த நிறுவனங்களுள் ஒன்றான கே7, 1991-இல் சென்னையில் தொடங்கப்பட்டது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் இந்த மையத்தைப் பற்றி நம் உறுப்பினர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாசலில் வேப்பிலை

கடைசியாக ஒன்று. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவது நம் வழக்கம். வருகிறவர்கள் பார்த்து விலகிப் போவார்கள். யாரும் அதை அவமானமாக நினைத்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் மட்டும் நாம் வாயைத் திறப்பதில்லை. என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்பார்களே என்ற கூச்சம்! போன வாரம் அதே கம்ப்யூட்டரிலிருந்து கல்யாணப் பத்திரிகையைப் பென் டிரைவில் ஐந்து பேருக்குக் கொடுத்திருப்போம். இப்போது வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலேயே ஏபிகே ஃபைல் அனுப்பிச் செல்போனைக் கைப்பற்றுகிறார்கள். அது தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருவதால்தான் நாம் ஏமாறுகிறோம். அந்தத் தெரிந்தவர் ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால் பத்துப் பேர் தப்பியிருப்பார்கள். என்னைக் கேட்டால், பிடிபட்ட ஃபைலைக் குவாரண்டைனில் போடுவது பாதி வேலை; நாம் ஃபைல் கொடுத்தவர்களுக்கெல்லாம் போன் செய்து சொல்வது மறுபாதி.

இதில் சங்கத்துக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் முகாம் நடத்துகிறோம். அதைப் போல மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டருக்கும் ஒரு முகாம் நடத்தலாமே! மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் போதும். அந்நியர் கையில் நம் ஆவணங்களைக் கொடுப்பதா என்று சிலர் தயங்கலாம். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே ஒரு விதி வைப்போம். இளைஞர் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்வார். மௌஸ் மட்டும் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கும். இரண்டு முறை தானே செய்து பார்த்த பெரியவர் மூன்றாம் முறை அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பார். கார் ஓட்டக் கற்றுக்கொண்ட வயதில் இதைக் கற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் என்ன, இப்போது கற்றுக்கொள்வோம்.

செயற்குழு அன்பர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுவார்கள் என்று நம்புகிறேன். அதுவரை, திரையில் அந்தக் கேள்வி வந்தால் பதறாதீர்கள். முதலில் தனியே வையுங்கள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள், விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். அழிப்பதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது. அழித்ததை மீட்பதற்குத்தான் நேரம் கிடைக்காது.